முகூர்த்தம் தவறிய பிரசவம்

அல்வாலில் நான் போய்வந்த மருத்துவமனையில், மாதம் நெருங்கிய கர்ப்பிணிகளிடம் வரவேற்பு மேசையில் ஒரு கேள்வி கேட்பார்கள்: முகூர்த்தம் குறித்தாகிவிட்டதா? யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை. நல்ல நேரம் பார்த்து அந்த நேரத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்வது ஹைதராபாத்தில் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது போலத்தான்.

நாளிதழில் துணையாசிரியராக இருந்தபோது, தலைப்பிரசவங்களில் சிசேரியன் கூடிவருவதைப் பற்றிய செய்திகளைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். சதவீதத்தைச் சரிபார்ப்பேன், தலைப்பு வைப்பேன், அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். என் முறை வந்தபோது, காரணமில்லாமல் வயிற்றில் கத்தி படக்கூடாது என்பது மட்டுமே எனக்குத் தெளிவாக இருந்தது.

திருநெல்வேலியிலிருந்து வந்த மாமியார் கையோடு நேரம் கொண்டுவந்திருந்தார். வியாழக்கிழமை காலை பத்தே கால் முதல் பத்தே முக்கால் வரை. எனக்குச் சொல்வதற்கு முன்பே, என் கணவரை மருத்துவமனையில் பேசவைத்து அந்த அரைமணி நேரத்தைப் பிடித்தும்விட்டார்.

"எல்லாரும் அறுத்துத்தான பெக்காவ. ஒனக்கு மட்டும் என்னட்டி?"

"வலி வரட்டும் அத்தை. அதுவரைக்கும் பொறுப்போமே."

"ரெண்டு நாளு வலியில கெடந்து பெத்தவ சொல்லுதேன். அதுல ஒரு பவிசும் கெடையாது."

கணவர் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

செவ்வாய்க்கிழமை மூவரும் மருத்துவரைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும் தெலுங்குப் பெண்மணி. ஸ்கேனைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், வியாழக்கிழமைப் பட்டியலில் என் பெயரைப் பேனாவால் அடித்தார். குழந்தை நன்றாக இருக்கிறது, தலையும் கீழே இருக்கிறது, இப்போது அறுக்க என்னிடம் காரணம் இல்லை என்றார். காரணம் வந்தால் அன்றைக்கும் பஞ்சாங்கம் பார்க்க மாட்டேன் என்றும் சொன்னார். கணவர் அதைத் தமிழில் சொன்னதும் மாமியார் எழுந்துவிட்டார்.

"வார வேலைய வேண்டாங்கா. இவ எப்படி ஆஸ்பத்திரி நடத்துதா?"

வியாழன் சும்மா கடந்தது. ஞாயிறு காலை வலி வந்தது. பிரசவ அறையில் இருந்த நர்ஸ், சில தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவர் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும்: வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு'.

"படுக்க நக்கோம்மா, நடங்க."

"இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர்?"

"கைக்கு அவசரம்? ரயிலா புடிக்கணும்?"

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை நடந்தேன். மூன்றரை மணிக்கு மேல், வயிற்றில் கட்டியிருந்த பட்டையின் வழியே கேட்ட குழந்தையின் இதயத் துடிப்பு ஒவ்வொரு வலியின்போதும் மெதுவானது. நர்ஸ் என்னை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார். அதன்பிறகு அவர் கேலி எதுவும் செய்யவில்லை. மருத்துவர் வந்து சில நிமிடங்கள் கவனித்தார். இனிக் காத்திருப்பது குழந்தைக்கு நல்லதல்ல என்றார். நான் கையெழுத்திட்டேன். என்னை அறுவை அரங்குக்குள் கொண்டுபோகும்போது மணி நான்கே முக்கால். ஞாயிற்றுக்கிழமை அது ராகு காலம்.

வெளியே நடந்ததை நர்ஸ் பிறகு சொன்னார். கணவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்திருக்கிறார். "அத ஏன்ல பாக்க? மொதல்ல பிள்ளைய எடுக்கச் சொல்லு" என்றாராம் மாமியார்.

பெண் குழந்தை. கொஞ்சம் தாமதித்து அழுதாள், பிறகு நிறுத்தவேயில்லை.

வீட்டுக்குப் போகும் நாள் கொடுத்த தாளில், அறுவைக்கான காரணம் ஒரே வரியில் இருந்தது: குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தது. பழக்கதோஷத்தில் பிழை தேடுவதுபோல் இரண்டு முறை படித்தேன். செவ்வாயன்று காரணம் இல்லை என்று மறுத்து, ஞாயிறன்று காரணம் வந்ததும் தயங்காமல் எழுதிய மருத்துவருக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் வேறொரு பிரசவத்தில் இருந்தார். நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

"என்ன எழுதியிருக்கு?" என்று காரில் மாமியார் கேட்டார். தமிழில் படித்துக் காட்டினேன். குழந்தையின் நெஞ்சில் வைத்த உள்ளங்கையை, வீடு வரும்வரை அவர் எடுக்கவில்லை.