நான்கு பேர் போட்ட ஒரே கோட்டு

ஜெர்மனியில் எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரைப் போட்டு நிரப்பிவிட்டு விமானம் ஏறுகிறோம், இங்கே இறங்கியதும் செந்தில் என்ற என் பெயர் காணாமல் போகிறது. வங்கி, பல்கலைக்கழகம், குப்பையைத் தவறான தொட்டியில் போட்டதற்குக் கடிதம் எழுதும் வீட்டு நிர்வாகம், எல்லோருக்கும் நான் 'ஹெர் சின்னசாமி'. ஹெர் என்றால் திரு. நான் இருக்கும் கார்ல்ஸ்ரூஹே நகரத்தார் வாயில் அது 'கின்னசாமி' ஆகிவிடுகிறது, போகட்டும். ராசிபுரம் பக்கத்துச் செங்கல் சூளையில் என் அப்பாவை 'டேய் சின்னா' என்பதற்கு மேல் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு வரவேண்டிய திருவையெல்லாம் இங்கே உட்கார்ந்து நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

படிப்பது கணினி. மீதி நேரத்தில் ஒரு படக் காப்பகத்தில் உதவியாளர் வேலை. பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வேண்டும். முதல் நாளே வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கையுறை போட்டு வேலை செய்யும் முதல் ஆள் நான் என்று நெஞ்சு நிமிர்ந்தேன். அது என் கையைக் காப்பாற்ற அல்ல, என் கையிடமிருந்து படங்களைக் காப்பாற்ற என்பது பிறகுதான் புரிந்தது.

இந்தக் குளிர்காலத்தில் மூன்று பெட்டிகள் வந்தன. எல்லாம் தென் அமெரிக்காவின் வடகரையிலிருக்கும் கயானா நாட்டுப் படங்கள். பிரிட்டிஷ்காரர்கள் அங்கே ஆண்டுகொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எடுத்தவை. அங்கே பாக்சைட் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜெர்மன் பொறியாளர் ஒருவர், மூடப்போகும் ஒரு ஸ்டுடியோவிலிருந்து அள்ளி வந்தாராம். மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகள், கரும்பு ஏற்றிய படகுகள், தேவாலயத்துக்குப் போகும் தொப்பிக்காரப் பெண்கள். நடுநடுவே நம் ஊர்ச் சந்தையில் இடித்துக்கொண்டு போகிற மாதிரியான முகங்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள்.

காப்பகத் தலைவி ஃபிராவ் கெஸ்லர், நம் வழக்கில் திருமதி கெஸ்லர், ஆவலோடு கேட்டார். "ஹெர் சின்னசாமி, இவர்கள் உங்கள் ஆட்கள்தானே? யாரையாவது தெரிகிறதா?"

"இவர்களுடைய தாத்தாக்கள் போனபோது என் தாத்தாவே பிறக்கவில்லை."

"அவசரமில்லை. நிதானமாகப் பாருங்கள்."

அவர்களுள் ஒருவரைக் கண்காட்சிச் சுவரொட்டிக்கே தேர்ந்தெடுத்திருந்தார்கள். கோட்டு, மேல்பையில் பேனா, கையில் தடித்த புத்தகம், உலகத்துக்கே மார்க் போடுகிற பார்வை. கீழே 'ஆசிரியர், பிரிட்டிஷ் கயானா' என்று எழுதியிருந்தது. தொழில் என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் எங்கள் கணினி எதையும் சேமிக்காது. பேனாவைப் பார்த்து ஃபிராவ் கெஸ்லர் நிரப்பிவிட்டார். அடுத்த படத்தில் இருந்தவர் 'எழுத்தர்'. அதற்கடுத்தவர் 'மருத்துவர்', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நான்காமவர் மறுபடி 'ஆசிரியர்'. நால்வரையும் திரையில் வரிசையாக வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. நால்வருக்கும் ஒரே கோட்டு. பையின் ஓரத்தில் ஒரே கிழிசல். ஒரே பேனா, ஒரே புத்தகம். மருத்துவர் மட்டும் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நால்வரும் வெறுங்கால்.

"என்ன தம்பி, தனிய இருந்து சிரிக்கிறீர்? விசரே?" என்று கேட்டபடி வந்தார் துவாரகா அக்கா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர், காப்பகத்தின் நிரந்தர ஊழியர். திரையைக் காட்டினேன்.

"ஐயோ, ஒரே கோட்டெல்லே! எங்கட அப்பாவும் வந்த புதுசில ஆரோ ஒராளின்ர காருக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினவர். கார்க்காரன் கலைச்சுக்கொண்டு பின்னால ஓடி வந்தவனாம்."

என் அப்பாவுக்கும் அப்படி ஒரு கோட்டு உண்டு. கல்யாணத்துக்கு மறுவாரம் ராசிபுரம் ஸ்டுடியோவில் ஆணியில் தொங்கியது. தொளதொளவென்று இருந்ததால் முதுகில் துணிக் கிளிப் போட்டு இறுக்கினார்களாம். முன்பக்கம் கலெக்டர், பின்பக்கம் காயப்போட்ட துணி. பேனா மட்டும் அவருடையது. அப்பாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் இன்றுவரை விசேஷம் என்றால் சட்டைப் பையில் பேனா ஏறிவிடும். அதில் மை இருந்து நான் பார்த்ததில்லை.

கண்டுபிடித்ததை உடனே ஃபிராவ் கெஸ்லரிடம் ஒப்பித்தேன்: கோட்டு ஸ்டுடியோவுடையது, ஆள் தோட்டத் தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும். வகுப்பில் முதல் ஆளாய்க் கைதூக்கியே வளர்ந்தவன், பழக்கம் போகவில்லை. ஆதாரம் காட்டித் திருத்தினால் இங்கே யாரும் கோபிப்பதில்லை, காபி வாங்கித் தருகிறார்கள். ஆனால் மறுநாள் படத்தின் கீழே 'தோட்டத் தொழிலாளி, மாறுவேடத்தில்' என்று இருந்தது. திருவிழாவுக்குக் கோமாளி வேஷம் கட்டுகிறவர்களுக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் வார்த்தை அது. வெள்ளிக்கிழமை சுவரொட்டி அச்சுக்குப் போகிறது. நடுவில் ஒரே நாள்.

"நீர்தானே போய்ச் சொன்னனீர்?" என்றார் அக்கா. "அந்தாள் எழுபது வருஷமா நிம்மதியா வாத்தியாரா இருந்தவர். ஒரு கோப்பை காபிக்கு அவரின்ர வேலையைப் பறிச்சுப்போட்டீர்."

அன்று மாலை அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, அந்தக் கோட்டுப் போட்டோவுல எதுக்கு பேனா வெச்ச?"

"ஏன்டா, போலீசு கேக்குதா?"

"இல்லப்பா. உனக்குத்தான் எழுதத் தெரியாதே."

"எழுதத்தான்டா தெரியாது. வெச்சுக்கத் தெரியாதா?"

மாறுவேடம் போட்டவன் அடுத்தவனை ஏமாற்றப் பார்ப்பான். அப்பா யாரையும் ஏமாற்றவில்லை. ஊரில் அவரை அறியாதவர் யார்? படத்தில் தான் எப்படி நிற்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார், அவ்வளவுதான். யோசிக்க யோசிக்க எனக்கு இன்னொன்றும் உறைத்தது. கயானாக்காரர் தோட்டத் தொழிலாளி என்று எனக்கு யார் சொன்னது? அவருடைய வெறுங்கால்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஃபிராவ் கெஸ்லர் முன்னால் போய் நின்றேன். "அவர் என்ன வேலை செய்தார் என்று நமக்குத் தெரியாது."

"நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"கோட்டு அவருடையதில்லை, அவ்வளவுதான் தெரியும். நீங்கள் பேனாவைப் பார்த்தீர்கள், நான் காலைப் பார்த்தேன். இரண்டும் ஊகம்தான்."

"தொழில் கட்டத்தைக் காலியாக விட முடியாதே."

"முடியும். காலியாக இருந்தாலும் சேமிக்கும்படி நேற்றே கணினியில் மாற்றிவிட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. "அதற்கு ஆன்ட்ராக் கொடுத்தீர்களா?" ஆன்ட்ராக் என்றால் எழுத்து மூலமான விண்ணப்பம். இந்த நாட்டில் மழை அது இல்லாமல் பெய்வதே பெரிய விஷயம். மூன்று பக்கம் நிரப்பினேன். அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு சுவரொட்டியின் மாதிரியை இழுத்து, பழைய வரியை அடித்துவிட்டு, பென்சிலால் எழுதினார்: 'பேனாவுடன் ஒரு ஹெர்.' பெயரில்லாவிட்டாலும் அவருக்கு ஒரு திரு கிடைத்துவிட்டது.

கண்காட்சி திறந்த அன்று சுவரொட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார் அக்கா. "சிரியும் தம்பி, விசாவுக்கே எடுக்கிறன்?" அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"பக்கத்துல நிக்கிறவரு யாருடா? பெரிய வாத்தியாராட்டம் இருக்காரு."

ஊகம் செய்யக் கூடாது என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். "ஆமாப்பா, வாத்தியார்தான்" என்றேன்.

"பாத்தாலே தெரியுதே. அது சரி, உன் பையில பேனா எங்க?"

குனிந்து பார்த்தேன். கழுத்தில் காப்பகத்தின் அடையாள அட்டைதான் தொங்கியது, அதில் சின்னசாமி என்று பெரிதாய். "பேனா இல்லப்பா. உன் பேரத்தான் மாட்டியிருக்கேன்."

"எம் பேரா? எதுடா?"

"கழுத்துல தொங்குதில்ல, வெள்ளை அட்டை. அதுல கறுப்பா இருக்கிறது."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார்.

"கோணலாத் தொங்குதேடா," என்றார். "உனக்கு வெச்சுக்கத் தெரியல."