நீந்தத் தெரியாதவரின் நீச்சல் படம்

அன்று நான் ஏன் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் கணவரின் நண்பர் ஒருவர், மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் பேராசிரியர். நீச்சலைப் பற்றிக் குறும்படம் எடுப்பதாகச் சொல்லி, கேமராவோடு என் பிறந்த வீட்டுத் தோட்டக் கிணற்றுக்கு வந்தார். சிறுவயதிலேயே முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவள் நான். கணவர் சொன்னாரே என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தேன். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் என் கணவர், மேல்படியில் நின்று கையை ஆட்டினார்.

தல்லாகுளத்தில் ஒரு மன்றத்தில் படத்தைத் திரையிட்டார்கள். படத்தில், பயந்த மனைவிக்குக் கணவன் நீச்சல் கற்றுத் தருகிறானாம்! “எல்லாம் அவர் தந்த துணிவு” என்றது பின்னணிக் குரல். ஒரே கைதட்டல்.

“வீட்டுப் பொம்பளைக்கு இம்புட்டுச் சுதந்திரம் குடுத்திருக்கீகளே அண்ணே!” என்றார் ஒருவர்.

“நாமதானப்பா தைரியம் சொல்லணும்” என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். முழங்கால் தண்ணீரில்கூட இறங்காத வீரர்!

வீடு திரும்பியதும் எங்கள் ஆறு வயது மகள், “அப்பா, நானும் நீந்தப் பழகப் போறேன்” என்றாள்.

“பொம்பளப் புள்ளைக்கு நீச்சல் எதுக்கு? பேசாம இரு” என்றார் அதே மகான்.

கோடை விடுமுறை முழுவதும் என் பிறந்த வீட்டில் அவள் ஓடி விளையாடப் போவது கைப்பிடிச் சுவரில்லாத அந்தக் கிணற்றைச் சுற்றித்தான். அவர் பேச்சை மீறி நானே கற்றுக்கொடுத்துவிடட்டுமா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லுங்களேன்.