கொசு பறந்த இடது கண்

மலாயாவில் கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரசர். டாக்டர் மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாள்களில் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் நான்தான். காட்டில் ஒளிந்திருந்தவர்கள் ரப்பர் மரங்களை வெட்டிப் பாழாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு உடந்தை என்று பெயர் வந்தால் போலீஸ் ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

ஒரு காலை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கோவிந்தன், பால்வெட்டும் அஞ்சலையைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"டிரசரய்யா, இவ நெரையில நாப்பது மரம் நாசம். பட்டையோட நிக்க வேண்டிய கத்தி கட்டை வரைக்கும் இறங்கியிருக்கு. தொரை போலீசுக்கு ஆள் அனுப்பப் போறாரு. அதுக்கு முன்ன இவ உடம்பைப் பாத்து ஒரு சீட்டுக் குடுங்க."

"பதினெட்டு வருசமா வெட்டுறேன், என் மரத்தை நானே குத்துவனா?" என்றாள் அஞ்சலை. "கத்தி எங்க நிக்குதுன்னே தெரியலங்க."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரம் முன்பு இவள் என்னிடம் வந்திருந்தாள். "இடது கண்ணுல கொசு பறக்குது, அடிச்சா கையில அம்பிடல. ஓரத்துல மின்னல் வேற வெட்டுது" என்றாள். கண் சிவக்கவில்லை, பீளை இல்லை, வலியும் இல்லை. "கொசுவுக்கு மருந்தடிக்கச் சொல்றேன்" என்று சிரித்துவிட்டு, கண் கழுவும் மருந்தைக் கொடுத்து அனுப்பியவன் நான்.

பென்சிலை நீட்டி, நுனியைத் தொடச் சொன்னேன். விரல் ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றது. அவளுடைய வலது கண்ணைப் பொத்தி, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"கீழயிருந்து கறுப்புத் துணி ஏறுதுங்க. ஒங்க மூஞ்சி தண்ணிக்குள்ள ஆடுது."

மண்டோரிடம் கேட்டேன். "கெடுக்க நெனைக்கிறவன் மரத்தைக் கண்டபடி கொத்துவான். இங்க காயமெல்லாம் எங்க இருக்கு?"

அவர் யோசித்தார். "எல்லாமே தினம் பால் வெட்டுற கோட்டு மேலதான்."

"அப்ப ஆழம் தெரியாம வெட்டியிருக்கா. கண்ணு போய்க்கிட்டிருக்கு, மண்டோர்."

"தொரைகிட்ட நான் பேசுறேன்" என்றார் அவர். "தப்பாப் போச்சுன்னா நம்ம ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணுதான்லா."

துரை, டாக்டர் கடிதம் வரும்வரை பொறுப்பதாகச் சொன்னார். கண் அசையாமலிருக்க அஞ்சலையின் இரண்டு கண்ணையும் கட்டி, லோரியில் படுக்கவைத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரியவைத்தார். விளக்குக் கருவியால் உள்ளே பார்த்தார். விழித்திரை கிழிந்து, ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் போல உரிந்திருந்தது. அந்தத் திரைக்கு வலி கிடையாது. அதனால் அது கிழியும்போது யாரும் அழுவதில்லை.

மின்சார ஊசியால் வெளிப்பக்கமிருந்து சூடுவைத்துக் கிழிசலை ஒட்டினார்கள். பிறகு பல வாரம் தலை அசையாமல் படுக்கை. "கொசு பறந்த அன்றே அனுப்பியிருந்தால் முழுப் பார்வையும் மிஞ்சியிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் எழுதிய கடிதத்தோடு போலீஸ் பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு யார் கண் என்று வந்தாலும், நான் கண்ணைப் பார்க்கும் முன், அவர்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். சிரிப்பதை விட்டேன்.

அஞ்சலை திரும்பி வந்து, பால்வெட்டை விட்டுப் புல்வெட்டும் வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் அவளுடைய வலது கண்ணைப் பொத்திக் கேட்டேன்.

"என்னம்மா தெரியுது?"

"மங்கலாத்தான் இருக்கு. நீங்க தலையைக் குனிஞ்சிருக்கிறது மட்டும் தெரியுதுங்க."