பிரம்பை இழுத்த ஆணிகள்

அல்சூர் ஏரி மீன் ஒன்று எங்கள் மாடிப்படி ஏறி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டதுண்டு. அதை நம்புகிறவர்கள், ஜூடித் மிஸ் பிரம்பை வைத்துக்கொண்டு யாரையும் அடிக்காமல் கணக்கு நடத்தினாள் என்பதையும் நம்பலாம்.

அல்சூர்ப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அவள். பஸ் ஏறினால், கண்டக்டரின் உயரத்துக்கும் விசில் சத்தத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று யோசித்தபடி, இறங்க மறந்து, ஊருக்கு வெளியே மாநில எல்லையில் இருக்கும் அத்திபெலே வரைக்கும் போய்விடுவாள். சனிக்கிழமை கடைசி பீரியடில் புத்தகத்தில் இல்லாததை நடத்துவாள். 1996-இல் அந்த பீரியடுக்கு ஆபத்து வந்தது.

"நான் வந்து பார்க்கறேன்," என்றார் தலைமையாசிரியர் சீனிவாசராகவன். "பசங்களுக்குப் புரிஞ்சா இருக்கட்டும். இல்லேன்னா டிரில்லுக்குக் குடுத்துடறேன்."

அவர் அறையிலிருந்தே பிரம்பை இரவல் வாங்கினாள் ஜூடித்.

பழைய கேரம் பலகையில் பிள்ளைக்கு ஓர் ஆணி. ஷூ நீளம் கூடினால் ஆணி வலப்பக்கம் போகும். ஆள் உயரம் கூடினால் மேலே ஏறும். ஒவ்வோர் ஆணியையும் பிரம்போடு ரப்பர் பேண்டால் இணைத்தாள். கையை எடுத்ததும் பிரம்பு துள்ளி, ஆடி, அடங்கியது.

"தள்ளி இருக்கற ஆணி ஜாஸ்தி இழுக்கும். எல்லாம் இழுத்து முடிச்சு பிரம்பு எங்க நிக்குதோ, அதான் நம்ம கோடு. இனிமே ஷூவைக் காட்டினா, ஆள் உயரத்தைக் கோடு சொல்லும்."

ஆணிகளோ வாரி இறைத்த கடலை போலக் கிடந்தன. பிரம்பு ஏறக்குறையப் படுத்தேவிட்டது.

"புள்ளி வெச்சாச்சு," என்றார் வாசலில் நின்ற சீனிவாசராகவன். "கோலத்தைத்தான் காணோம்."

ஜூடித்துக்கும் விளங்கவில்லை. வலது ஓரத்தில் தனியாக நின்று பிரம்பைக் கீழே இழுத்த ஆணி, வகுப்பிலேயே குள்ளமான க்ளெனுடையது.

"உனக்கு இவ்ளோ பெரிய காலாடா?"

"கால் இல்ல மிஸ், ஷூ. அண்ணனோடது. முன்னாடி துணி வெச்சிருக்கேன்."

"என்னுதுல பேப்பர் மிஸ்," என்றாள் ரூபினி. "வளர்ற பொண்ணுன்னு அம்மா சொல்ப பெருசா வாங்கிட்டாங்க."

வகுப்பே ஷூவைக் கவிழ்த்தது. விழுந்த துணியில் ஒரு கல்யாணப் பந்தல் போட்டிருக்கலாம். ஜூடித் தலையில் கை வைத்துக்கொண்டு, காலை அளக்கச் சொன்னாள். ஆணிகளை மாற்றி அடித்தார்கள். இம்முறை அவை பிரம்பை ஒட்டி நின்றன. பிரம்பும் நன்றாகச் சாய்ந்து மேலேறியது.

"சார், உங்க காலைக் காட்டுங்க," என்றாள் ரூபினி. சாருக்கும் பத்தாம் வகுப்பு உயரம்தான்.

தயங்கித் தயங்கி ஷூவைக் கழற்றினார். குதிகால் பக்கத்திலிருந்து மடித்த அட்டை ஒன்று விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான்.

பிரம்பு ஐந்தடி மூன்றங்குலம் என்றது. சுவரோரம் நிறுத்தி அளந்தால் ஐந்தடி இரண்டு.

"ஓரங்குலம் தப்பு," என்றார் சந்தோஷமாக.

"கொஞ்சம் தப்பத்தான் செய்யும் சார். எல்லாருக்கும் பக்கத்துல போகணுமில்ல."

"அப்போ எவ்வளவு தப்பலாம்?"

"அடுத்த சனிக்கிழமை அதான் பாடம். பீரியட் இருந்தா."

அவர் வெறுங்காலோடு பலகையருகே போய், பிரம்பை விரலால் தட்டினார். அது ஆடி, பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி தட்டினார்.

"என் ஆணியையும் அடிச்சு வைம்மா," என்றார். "எவ்வளவு இழுக்கறதுன்னு அடுத்த வாரம் பார்க்கணும்."