நின்று நின்று ஒரு பிரதட்சிணம்

என் இடுப்பு வலிக்குப் பதினொரு வயது. அது வந்த பிறகு நானும் என் மனைவியும் சேர்ந்து கோயிலைச் சுற்றியுள்ள நான்கு உத்திர வீதிகளையும் பிரதட்சிணம் வந்ததில்லை. அவள் மட்டும் விடியற்காலையில் போய்வருவாள். இன்னொரு தடவையாவது அவளோடு சுற்றிவர வேண்டும் என்பதற்காகத்தான் கைப்பேசியில் நடக்கும் வலி வகுப்பில் சேர்ந்தேன்.

தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. என்னையும் சேர்த்து ஒன்பது நோயாளிகள். ஜீயபுரத்துக்காரர் ஒருவர் எப்போதும் திரையில் தன் முகத்துக்குப் பதில் மின்விசிறியைத்தான் காட்டுவார். பாடம் நடத்திய பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் பேத்தி வயதிருக்கும். வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை, பயந்து படுத்தே கிடந்ததில் உடம்புக்கு நடக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று என்றாள். மற்ற எட்டுப் பேரும் கேட்டதைவிட நான் ஒருவன் கேட்ட கேள்விகள் அதிகம். சலிக்காமல் பதில் சொன்னாள்.

முதலில் தெருமுனை வரை போய்த் திரும்ப வேண்டும். வலி இல்லாவிட்டாலும் அதற்கு மேல் கூடாது என்பது அவள் கட்டளை. போனேன். வலியே இல்லை. அதுதான் வினையாயிற்று. எங்கள் வீடு கீழ உத்திர வீதியில். முனையைத் தாண்டித் தெற்கு வீதியில் கால் வைத்துவிட்டால் அது பிரதட்சிணம். பாதியில் அப்பிரதட்சிணமாகத் திரும்ப எனக்கு மனம் வராது. நான்கு வீதியையும் முடித்துவிட்டு வந்து ஒரு வாரம் படுக்கையில் கிடந்தேன். வகுப்பு நேரத்தில் கைப்பேசி அடித்தால் எடுப்பதில்லை.

கடைசியில் என் மனைவி எடுத்து, நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாமே என்றாள். பிரதட்சிணத்தில் உட்காருவதாவது என்று படுத்தபடியே முனகினேன். என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, பெருமாளே மண்டபத்துக்கு மண்டபம் நின்னு இளைப்பாறிண்டுதானே எழுந்தருள்றார்? உங்களுக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?"

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். ஜீயபுரத்துக்காரரின் முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

மறுபடி தெருமுனையிலிருந்து ஆரம்பித்தேன். வலி வருவதற்கு முன்பே உட்கார வேண்டும். நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது, நாலு பேர் பார்க்க உட்காருவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

தை பிறந்ததும் ஒரு காலை அவளோடு கிளம்பினேன். வீதிக்கு ஓர் இடம் என்று உட்கார்ந்தோம். வடக்கு வீதியில், திறக்காத பூக்கடையின் பெஞ்சில் அமர்ந்ததும் அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கும் ரொம்ப நாளா இங்க உக்காரணும் போல இருக்கும். தனியா உக்காரத்தான் ஒரு மாதிரி இருந்தது."

வீட்டுக்கு வந்து நான் படுக்கவில்லை. இரண்டு பேருக்கும் காபி நான்தான் கலந்தேன்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு உட்காரும் பாடத்தை என்னையே எடுக்கச் சொல்கிறாள் அந்தப் பெண். எங்கள் வகுப்பில் அதற்கு 'மண்டபம்' என்றே பெயர். இதுவரை ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூட வகுப்பை விட்டுப் போகவில்லை.