குதிரைக்குத் திருவின தேங்காய்

ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில கொழும்பு முதலாளி ஒராள் விடுதி கட்டி, வெள்ளைக்காரரைச் சவாரி ஏத்த ஒரு பெட்டைக் குதிரையும் கொண்டுவந்து விட்டவர். ஒரு வருஷத்தில விடுதி படுத்துப் போச்சு. மிஞ்சினது குதிரையும், காவலுக்கு நானும்தான். மனுசி போய்ச் சேந்திட்டாள். மகள் அகதியாப் போன இந்தியாவிலயே கலியாணம் கட்டி நிண்டிட்டாள். நாள் முழுக்க நான் வாய் திறந்து கதைச்சதெண்டால் அந்தக் குதிரையோடதான்.

அவள் மெலிஞ்சுகொண்டே போனாள். விலா எலும்பை எண்ணலாம். கொழுப்புச் சத்துக் காணாது, தேங்காய்ப் புண்ணாக்குப் போடுங்கோ எண்டு ஆடு மாடு பாக்கிற டொக்டர், ஒரு இளம் பிள்ளை, போனில சொன்னா. புண்ணாக்கு வாங்க முருங்கனுக்குப் போகவேணும், ரெண்டு பஸ். சனத்தோட இடிபட எனக்குப் பிடிக்காது. மூண்டு மாசத்துக்குக் காணக்கூடியதை ஒரேயடியா வாங்கி வந்து தகரப் பெரலுக்குள்ள அடைச்சு மூடினன். இருபது வருஷம் அகதி முகாமில இருந்த ஆள் நான். கிடைச்சதை அடைச்சு வைக்காட்டி எனக்கு நித்திரை வராது.

உப்புக் காத்தும் வெக்கையும் சும்மா விடுமே? கொஞ்ச நாளில புண்ணாக்கில இருந்த எண்ணெய் பழுதாகிச் சிக்கு மணக்கத் தொடங்கீட்டுது. எனக்கு அது ஒரு மணமாகவே படேல்லை. அவள் மூக்கை வைச்சிட்டு முகத்தைத் திருப்பினாள். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. முகாமில புழு அரிசியில பிள்ளை வளத்தனான், உனக்கென்னடி பவுசு எண்டு கத்திப்போட்டு, வேற ஒண்டும் வைக்காமல் பட்டினி போட்டன். மூண்டாம் நாள் அவள் எழும்பேல்லை.

டொக்டர் பிள்ளை மோட்டார் சைக்கிளில ஓடி வந்தா. பெரலைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயா, இதை நீங்கள் தின்பியளோ?" எண்டு கேட்டா.

நான் ஒரு துண்டை வாயில போட்டு மெண்டு காட்டினன். பிள்ளை குனிஞ்சு குதிரையின்ர கழுத்தைத் தடவினா.

"நீங்கள் தின்பியள் ஐயா. அது ஏன் தின்னவேணும்?"

பிள்ளை ஊசி போட்டு அவளை எழுப்பிவிட்டா. பெரலைக் கொண்டுபோய்க் கிடங்கு வெட்டித் தாட்டன்.

அதுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா முருங்கனுக்குப் போய், அந்தக் கிழமைக்கு மட்டும் தேங்காயும் தவிடும் வாங்கினன். விடியக் காலமை தேங்காய் திருவி, தவிட்டில பிசைஞ்சு, கையாலயே வாயில தீத்தினன். ரெண்டு மாசத்தில ஆளே மாறீட்டாள். முதுகில கை வைச்சால் வழுக்கும். சந்தோசம் தாங்கேலாமல் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினன். பாருங்கோ எப்பிடித் தேத்தியிருக்கிறன் எண்டு ஒரு பெருமை.

அவர் அந்தப் படத்தை ஆருக்கோ காட்டி அவளை வித்துப்போட்டார். மற்றக் கிழமை அவளை ஏத்த லொறி வந்தது. பழசு குடுக்காதேங்கோ, அண்டைக்குத் திருவினதை அண்டைக்கே குடுங்கோ எண்டு றைவருக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னன். அவர் போனைப் பாத்துக்கொண்டு ஓம் ஓம் எண்டார்.

எலும்பும் தோலுமா வைச்சிருந்தால் ஒருத்தரும் வாங்கியிருக்க மாட்டினம், இண்டைக்கும் என்னோட நிண்டிருப்பாள். அப்பிடி நினைக்க எனக்கு வெக்கமாத்தான் கிடக்கு. ஆனால் நினைக்கிறன், ஒவ்வொரு நாளும்.