ஒலிநாடாவின் முதுகில் ஒரு துளை

என் மேசை இழுப்பறையில் ஓர் ஒலிநாடா கிடக்கிறது. அதன் முதுகிலிருந்த நெகிழிச் சில்லு பெயர்க்கப்பட்டு, அவ்விடம் துளையாக இருக்கிறது. சில்லைப் பெயர்த்துவிட்டால் பழைய பதிவின்மேல் புதிதாக எதையும் பதிய இயலாது. பெயர்த்தவர் என் மனைவியின் அண்ணன். கடைசிவரை அவரை மச்சான் என்றே அழைத்தேன்.

சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவர், இளமையில், தொலைக்காட்சியோடு இணைத்து இயக்கும் சிறு கணினி ஒன்றை வாங்கி, தாமே ஒரு விளையாட்டை எழுதினார். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் வழிதவறாமல் படகைச் செலுத்த வேண்டும், அவ்வளவுதான். நிரல்கள் அன்று சாதாரணப் பாட்டு நாடாவில் கீச்சொலியாகப் பதிவாயின. ஆகவே பாட்டுப் பதிந்து தரும் எந்தக் கடையிலும் அவற்றைப் படியெடுத்துவிடலாம். அவருடைய நண்பர் ஒருவர் கடலூரில் கிறித்தவப் பங்குக் கோவிலின் பாடகர் குழுவை நடத்திவந்தார். பாட்டு வாத்தியார் என்றே எல்லாரும் அழைப்பார்கள். அவரிடமும் அதே கணினி இருந்தது. மச்சான் பார்க்கக் கொடுத்த நாடாவை வாத்தியார் ஒரு கடையில் படியெடுத்து, குழுப் பிள்ளைகளை விளையாடவிட்டார். படியெடுத்ததைவிட, கேளாமல் எடுத்ததே மச்சானைச் சுட்டது. கடலூருக்கே போய், தம் கண்ணெதிரில் அழிக்கச் சொன்னார். வாத்தியாரும் மறுபேச்சின்றி அன்றைய பாடல் ஒத்திகையை அதன்மேல் பதிந்தார். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது கடலூரில் பழங்கணினி ஆர்வலர் சிலர் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற மச்சானை அங்கே நான்தான் அழைத்துச் சென்றேன். மூடிப்போன நிறுவனங்களின் நிரல்களைப் படியெடுத்துப் பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கம். அவர் மட்டும் எந்தப் படியையும் வாங்கிக்கொள்ளமாட்டார். “கம்பெனி செத்துப்போச்சுன்னா கேக்காம எடுத்துக்கலாமா? பொணத்துக் கையில மோதரம் கழட்டுற மாரி இருக்கு” என்பார். சாமியார் என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள்.

அதற்கடுத்த மழையில் வெள்ளாறு அவருடைய புவனகிரி வீட்டுக்குள் புகுந்தது. பெட்டியிலிருந்த நாடாக்கள், அந்த விளையாட்டு உட்பட, சேற்றோடு ஒட்டிப்போயின. அவ்வாண்டே சிறுநீரகங்களும் பழுதாயின. அந்தப் படகைத் திரையில் இன்னும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதையும் விரும்பவில்லை. தம்மை வாத்தியாரிடம் அழைத்துப்போகும்படி என்னிடம் சொன்னார்.

வேறு படி ஏதேனும் உண்டா என்று அவர் கேட்டபோது, வாத்தியார் அலமாரியிலிருந்து பழைய நாடா ஒன்றை எடுத்தார்.

“நீதானடா அழிக்கச் சொன்ன. ஒன்ன ஏமாத்தி ஒண்ண ஒளிச்சு வெச்சிருக்கலாம். அன்னிக்கு அந்தப் புத்தி வரல. பசங்க சுருதி சேராம கத்துனதுதான் இருக்கு, கேக்குறியா?”

நாடா ஓடியது. பிள்ளைகள் பாடி முடித்தார்கள். பாடல் நின்ற இடத்தில், மூடப்படாமல் எஞ்சியிருந்த கீச்சொலி சட்டென்று கிளம்பி, சிறிது நேரம் ஒலித்து ஓய்ந்தது. விளையாட்டின் வால் அது. தலையில்லாத நிரலை எந்தக் கணினியும் ஏற்காது என்பது அவ்விருவருக்கும் தெரியும்.

“இத மட்டும் காப்பி எடுத்துக்கட்டுமா?” என்றார் வாத்தியார்.

“இப்ப கேக்குற.”

“அன்னிக்குக் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

மச்சான் தம் வீங்கிய விரல்களைப் பார்த்தார். “தெரியலடா” என்றார்.

பின்னர் ஒரு திருப்புளி வாங்கி, அந்தச் சில்லைப் பெயர்த்தார். எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாத்தியார் நாடாவை அவர் கையிலேயே வைத்து அனுப்பினார். அடுத்த மழையைப் பார்க்க அவர் இருக்கவில்லை; நாடா என்னிடம் வந்தது.

அந்த வாலையாவது படியெடுத்துக் காக்க வேண்டுமென்று ஆர்வலர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். “அண்ணன் ஒண்ணும் சொல்லிட்டுப் போவலியே” என்கிறாள் என் மனைவி. அந்தத் துளை அழிப்பதை மட்டுமே தடுக்கும், படியெடுப்பதைத் தடுக்காது. அவருக்கு அது தெரியாததன்று. எனினும் அதனை இசைவு என்று கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டுத் தெளியவோ அவர் இல்லை. எப்போதாவது நாடாவை ஓடவிடுகிறேன். பிள்ளைகள் பாடி முடிக்கிறார்கள். பிறகு வரும் அந்தக் கீச்சொலி, ஒவ்வொரு முறையும் சற்றே மங்கிக் கேட்கிறது.